சர்க்கரைச் சென்சார் யார் கையில் இருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொஞ்ச நாளாகக் கல்யாண விருந்துகளில் இதைக் கவனித்து வருகிறேன். உடற்பயிற்சிக்கூடம் போய் உடம்பைச் சிக்கென்று வைத்திருக்கும் முப்பது வயதுப் பிள்ளைகள், மேற்கையின் பின்பக்கம் இருபது காசு நாணயம் அளவுக்குச் சர்க்கரையை அளக்கும் ஒரு வெள்ளை வில்லையை ஒட்டிக்கொண்டு வந்து, பிரியாணியில் கை வைப்பதற்கு முன் ஒரு தடவை, சாப்பிட்டு முடித்து ஒரு தடவை என்று கைப்பேசியை எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நீரிழிவே கிடையாது. அதே மேசையில் இருபது வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் இருப்பார்கள், வாரத்துக்கு ஒரு முறை விரலைக் குத்திப் பார்த்தாலே பெரிய விஷயம், அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது. எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளம், மன்னிக்கவும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்த வில்லைக்கு அடியில் தலைமுடி மாதிரி மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். அதில் பூசியிருக்கும் நொதி குளுக்கோசோடு சேரும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அளந்து, சில நிமிடங்களுக்கு ஒரு முறை கைப்பேசிக்கு ஓர் எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கும், ராத்திரி நாம் தூங்கும்போதும். தயாரிப்பைப் பொறுத்து 10 நாளிலிருந்து 15 நாள் வரை ஓடும், அப்புறம் கழற்றிப் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். விலை ஒன்றுக்கு நூறு சிங்கப்பூர் வெள்ளிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆங்கிலச் சுருக்கத்தில் சிஜிஎம் என்கிறார்கள். நம் வீடுகளில் 'சென்சார்' என்றால் போதும், எல்லாருக்கும் புரிகிறது.

இதனால் யாருக்கு உண்மையிலேயே பயன் என்று கேட்டால், முதலில் என் சின்னம்மா மாதிரி ஆட்களுக்கு என்றுதான் சொல்வேன். எழுபதைத் தாண்டியவர், சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைடு மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் எடுத்துக்கொண்டிருந்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் எப்போதும் 7 விழுக்காட்டுக்குப் பக்கத்தில்தான் வரும், எல்லாரும் 'பரவாயில்லையே, நல்லா கட்டுப்பாட்டில் வச்சிருக்கீங்களே' என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் காலையில் எழுந்தால் தலைவலி, சில நாள் நைட்டி முழுக்க வியர்வையில் நனைந்திருக்கும். வயசு, புழுக்கம், காற்றாடி போதவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். மருத்துவர்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு சென்சார் போட்டுப் பார்ப்போம் என்றார். பார்த்தால், இங்குள்ள மில்லிமோல் கணக்கில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 14ஐத் தாண்டுகிறது, விடியற்காலை இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் தாழ்வு எல்லையான 3.9க்குக் கீழே இறங்குகிறது, சில ராத்திரிகளில் 3க்கும் கீழே. மேலே போனதையும் கீழே போனதையும் கூட்டி வகுத்தால் அழகான சராசரி வரத்தானே செய்யும்? எச்பிஏ1சி பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்தது சராசரி மட்டும்தான்.

இதில் நான் மிகவும் மதித்த விஷயம் ஒன்று. அந்த வரைபடத்தைப் பார்த்தவுடன் மருத்துவர் மருந்தைக் குறைத்துவிடவில்லை. 'எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவார்?' என்றுதான் முதலில் கேட்டார். சென்சார் ஒட்டிய கை உடம்புக்கு அடியில் அழுந்தினால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து, சர்க்கரை இறங்காமலேயே இறங்கியதாகக் காட்டுமாம். ராத்திரி எண் கீழே போனால் உடனே விரலைக் குத்திச் சரிபார்க்கச் சொன்னார். குத்திப் பார்த்தோம், உண்மையிலேயே தாழ்வுதான். பிறகுதான் மருந்தளவை மாற்றினார். பெரியவர்களுக்கு இந்த ராத்திரித் தாழ்வு சாதாரண விஷயமே இல்லை. கழிவறைக்கு எழுந்து போகும்போது மயங்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்த கதைகள் நம் எல்லார் சொந்தத்திலும் இருக்கும், அதில் எத்தனை வழுக்கி விழுந்தது, எத்தனை சர்க்கரை இறங்கி விழுந்தது என்று யார் பார்த்தார்கள்?

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இன்சுலினையும் சில மாத்திரைகளையும் உடம்பிலிருந்து வெளியேற்றும் வேலையில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருக்கிறது, அது தளர்ந்தால் அதே அளவு மருந்து கூடுதல் நேரம் உடம்பில் நின்று சர்க்கரையை இறக்கும். சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குக் காரணம் நீரிழிவுதான். அவர்களுக்கு ரத்தசோகையும் சேர்ந்துகொள்ளும், ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி எண்ணை அப்படியே நம்ப முடியாது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ளவர்களுக்கும் இதே சிக்கல். ஆக, எந்தக் குடும்பத்தில் சராசரியை நம்ப முடியாதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் இந்தக் கருவி அதிகம் தேவை.

நம் சமூகத்தின் நிலைமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. அடுத்த ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னார். பத்தில் ஆறு! அந்த உரையை என்னோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்த சொந்தக்காரர் ஒருவர், கையில் இருந்த தே தாரிக்கைக் கீழே வைக்காமலேயே 'அது குண்டா இருக்கிறவங்களுக்கு' என்றார். ஒல்லியாக இருந்தால் வராது என்ற நம்பிக்கை நம்மிடம் பாறை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் என்ற இரண்டு பேர் தங்களையே படம் எடுத்துப் போட்டார்கள். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு ஒன்றுதான், 22.3. ஆனால் யுட்கினுக்கு உடம்பில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. சட்டை போட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பேரும் ஒல்லிதான்! இதனால்தான் ஆசியர்களுக்கு எடைக் குறியீடு 23ஐத் தொட்டாலே கவனம் வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள், ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக்கூடாது என்பதும் அதற்காகத்தான். அளவு நாடா ஒரு வெள்ளிக்குக் கிடைக்கும். சென்சார் வாங்குவதற்கு முன் அதை வாங்கி ஒரு தடவை சுற்றிப் பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் சென்சார் போட்டவர்கள் எல்லாரும் முதலில் பேசுவது அதைத்தான்.

'சோற்றை நிறுத்திட்டேன், இப்ப சப்பாத்திதான்' என்று சொல்லாத வீடு கிடையாது. நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுத் தெம்பாக உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சென்சார் முதல் நாளே பதில் சொல்லிவிடும். மெல்லியதாக அரைத்த மாவு எந்தத் தானியமாக இருந்தாலும் வேகமாகத்தான் செரிக்கும். கேழ்வரகு நல்லது என்று மாவாக்கிக் கூழாகக் காய்ச்சிக் குடித்தால் அதுவும் ஏறும். உடம்பு சரியில்லை என்றால் முதலில் நீட்டப்படும் அரிசிக் கஞ்சி, குழைய வெந்திருப்பதால் அதே அரிசிச் சோற்றைவிட வேகமாக ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், இவற்றுக்கெல்லாம் நம் மனதில் ஒரு தனிச் சலுகை உண்டு, சென்சாரிடம் அந்தச் சலுகை செல்லாது.

பராட்டாவும் பிரியாணியும் வேறு ரகம். நெய்யும் எண்ணெயும் இரைப்பையில் இருப்பதை மெதுவாக வெளியே விடும், அதனால் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்தால் 'அட, ஏறவே இல்லையே' என்று தோன்றும், மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேலே போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்ப்பதுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்த வழக்கம், அந்த ஓர் எண்ணில் இந்தக் கதை முழுக்கத் தெரிய வாய்ப்பில்லை. தொடர்ச்சியாகப் பார்ப்பதன் லாபம் இங்கேதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு விஷயம் கண்ணால் பார்த்தவுடன் நம்பிக்கை வரும். ஒன்று, சாப்பிடும் வரிசை. வாழையிலையில் கூட்டு, பொரியல், கீரை, மீனோ பருப்போ முதலில் சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக்குப் போனால் அதே சாப்பாட்டுக்கு ஏற்றம் குறைகிறது. அமெரிக்காவிலும் செய்து பார்த்திருக்கிறார்கள், சிங்கப்பூரிலும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றியபின் காய்கறியைத் தொட்டுக்கொள்ளும் நம் வழக்கத்துக்கு இது கொஞ்சம் இடைஞ்சல்தான், பழகிவிடும். இன்னொன்று, சாப்பிட்டபின் நடப்பது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலேயே குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரிய நடை எல்லாம் வேண்டாம், சில நிமிடம் மெதுவாக நடந்தாலே கோடு வளைவது தெரியும். என் கணவர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர், 'நடங்க நடங்க' என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன், கைப்பேசியில் கோடு இறங்குவதைப் பார்த்த பிறகு அவரே ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் புளோக்கைச் சுற்ற இறங்கிவிடுகிறார். மனைவி சொல்லிக் கேட்காததை ஒரு வில்லை சொல்லிக் கேட்கிறார், நல்லாயிருக்கட்டும்.

விடியற்காலை ஏற்றம் பற்றியும் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதில் பயந்துபோகிறார்கள். ராத்திரி ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் எழுந்தால் படுக்கும்போது இருந்ததைவிட அதிகமாக இருக்கிறது, எப்படி? விழிப்பதற்கு முன் கார்ட்டிசால், வளர்ச்சி இயக்குநீர் போன்றவை கூடி, கல்லீரலைச் சர்க்கரை விடச் சொல்கின்றன. எல்லார் உடம்பிலும் நடப்பதுதான், நீரிழிவு உள்ளவர்களுக்கு அதை ஈடுகட்டப் போதிய இன்சுலின் இல்லாததால் எண் ஏறித் தெரிகிறது. திருட்டுத்தனமாக ராத்திரி எதையாவது சாப்பிட்டிருப்பார்கள் என்று வீட்டில் பெரியவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டாம்.

குறுக்கு விசாரணை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தச் சென்சார்களில் குடும்பத்தினரும் தங்கள் கைப்பேசியில் எண்களைப் பார்க்கலாம். ராத்திரித் தாழ்வுக்கு மணி அடிக்கும், அது உயிர் காக்கும் வசதி. ஆனால் மகள் அலுவலகத்தில் இருந்துகொண்டு 'அம்மா, இப்ப என்ன சாப்பிட்டீங்க, 12 காட்டுது' என்று மதியம் மூன்று மணிக்குப் போன் போட ஆரம்பித்தால், அந்த அம்மா இரண்டாவது வாரம் சென்சாரைக் கழற்றி வைத்துவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். மணி தாழ்வுக்கு மட்டும் அடிக்கட்டும், ஏற்றத்தை மருத்துவரிடம் போகும்போது பேசிக்கொள்ளலாம்.

இப்போது அந்த முப்பது வயதுப் பிள்ளைகளுக்கு வருகிறேன். அவர்களை நான் குறை சொல்லவில்லை, அப்பா அம்மாவுக்கு இருப்பதைப் பார்த்து வந்த பயம் அது, நியாயமான பயம். ஆனால் தோசை சாப்பிட்டு 8.5 காட்டிவிட்டது என்று தோசையையே விட்டுவிட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக இருக்கிறது, எச்பிஏ1சி சரியாக இருக்கிறது, இடுப்பு சரியாக இருக்கிறது. நீரிழிவே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்குச் சென்சார் போட்டு 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவர்களும் ஒரு நாளில் ஏறக்குறைய அரை மணி நேரம் 7.8க்கு மேலேதான் இருந்தார்கள். உடம்பு அப்படித்தான் வேலை செய்கிறது, சாப்பிட்டால் ஏறும், கணையம் பார்த்துக்கொள்ளும், இறங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கான இலக்கே நாளில் 70 விழுக்காடு நேரம் 3.9க்கும் 10க்கும் நடுவே இருந்தால் போதும் என்பதுதான். தளர்ந்த முதியவர்களுக்கு அதுவும் வேண்டாம், 50 விழுக்காடு போதும், தாழ்வு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அப்படி இருக்கும்போது இருபத்தொன்பது வயதில் தோசையைக் கண்டு பயப்படுவது எதற்கு?

அதிலும் அந்த எண் எவ்வளவு துல்லியம் என்று பார்க்க வேண்டும். சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை, உயிரணுக்களுக்கு நடுவில் இருக்கும் திரவத்தைத்தான் அளக்கிறது, ரத்தத்தில் நடப்பது அங்கே வந்து சேர 5 முதல் 15 நிமிடம் பிடிக்கும். ஒட்டிய முதல் நாள் எண்களை அவ்வளவாக நம்ப முடியாது. நல்ல சென்சாருக்கே சராசரியாக எட்டு, ஒன்பது விழுக்காடு முன்னே பின்னே போகும். ஒரே சாப்பாட்டை ஒரே ஆளுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டு முறையும் வந்த ஏற்றம் ஒன்றுபோல் இல்லை என்று கண்டார்கள். முந்தைய ராத்திரித் தூக்கம், மன அழுத்தம், அதற்கு முன் நடந்தது, எல்லாம் சேர்ந்துதானே அந்த எண்? அதனால் ஒரு நாள் தோசைக்கு வந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தோசை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவு கட்டுவது அவசரம். மூன்று நான்கு தடவை பார்க்க வேண்டும், பொறுமை வேண்டும். சில வகைச் சென்சார்களில், தினமும் 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் பொய்யாக ஏறிக் காட்டும். தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரைகளில் 1,000 மில்லிகிராம் இருக்கிறது, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்.

எனக்கு இன்னும் பெரிய கவலை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. சென்சாருக்குக் குளுக்கோஸ் மட்டும்தான் தெரியும். நெய் தெரியாது, தேங்காய்ப்பால் தெரியாது, ஆட்டுக்கறிக் கொழுப்பு தெரியாது. இரண்டு கிளாஸ் விஸ்கி குடித்தால் கல்லீரல் சர்க்கரை விடுவதைக் குறைத்துவிடும், கோடு இறங்கும், ஆஹா என்று இருக்கும். கோடு நேராக இருக்க வேண்டும் என்பதையே குறியாக வைத்துக்கொண்டு சோற்றை ஒதுக்கிவிட்டு ஆட்டுக்காலும் வறுத்த கோழியும் வெண்ணெயுமாகச் சாப்பிடுகிறவர்களின் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அவர்களுடைய எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பை யார் பார்ப்பது? இந்தியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பது மருத்துவர்கள் பல காலமாகச் சொல்வது. ரத்த அழுத்தம், கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு, தூக்கம், புகைப்பழக்கம், இதில் எதையும் அந்த வில்லை காட்டாது.

தோலைத் துளைக்காமலேயே சர்க்கரையை அளப்பதாகச் சொல்லிக் கைக்கடிகாரங்களும் மோதிரங்களும் இணையத்தில் விற்கிறார்கள், நாற்பது ஐம்பது வெள்ளிக்கு. வாங்காதீர்கள். அப்படி எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாக அமைப்பு 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி யாராவது இன்சுலின் அளவை மாற்றினால் விபரீதம்.

எண் என்றதும் ஒரு சின்ன விஷயம், சிரிப்பாக இருந்தாலும் ஆபத்தானது. இங்கே மில்லிமோல் கணக்கு, ஊரில் மில்லிகிராம் கணக்கு. 'எனக்கு 9' என்று இங்கிருந்து சொன்னால் திருச்சியில் இருக்கும் அண்ணன் பதறிப்போகிறார், 'எனக்கு 160' என்று அவர் சொன்னால் இங்கே நாங்கள் பதறுகிறோம். 18ஆல் பெருக்கினால் 9 என்பது 162, இரண்டு பேரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். ஊரிலிருந்து குளுக்கோமீட்டர் வாங்கி வருபவர்களும் அங்கிருந்து வந்து தங்கும் பெற்றோரும் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வைப்பது நல்லது. சென்சார் செயலியிலும் எந்த அளவு என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள், என் கணவரைப் போன்றவர்கள், நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சென்சார், இரண்டு வாரம், தினமும் வீட்டில் சாப்பிடுவதையே சாப்பிட்டுக்கொண்டு, என்ன சாப்பிட்டோம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன். வருடம் முழுக்க ஒட்டிக்கொண்டே இருக்கத் தேவையில்லை, மாதம் இருநூறு வெள்ளிக்கு மேல் எல்லாராலும் செலவு செய்யவும் முடியாது. சென்சார் இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. நம்மைப் போன்ற மக்கள், நம் சாப்பாடு. அவர்கள் கையில் எந்த வில்லையும் இல்லை.

இனி நான் கேட்க நினைப்பது.

சுகாதார அமைச்சிடம்: இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்ளும் முதியவர்களுக்கு, அதிலும் தனியாக வசிப்பவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், ஆண்டுக்கு ஒரு முறையாவது இரண்டு வாரச் சென்சார் பரிசோதனையை வழக்கமான கவனிப்பின் பகுதியாக ஆக்க வேண்டும், கைக்காசு அதிகம் போகாதபடி. நோயாளி திரையைப் பார்க்கவே தேவையில்லாத, மருந்தகத்தில் ஒட்டி மருந்தகத்திலேயே தரவை இறக்கிப் பார்க்கும் வகையும் இருக்கிறது, கைப்பேசி பழக்கமில்லாத பாட்டி தாத்தாவுக்கு அது போதும். ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப மருத்துவர் என்று 2023இலிருந்து ஆகிவிட்டதால், யாருக்குத் தேவை என்பதை அந்த மருத்துவரே முடிவு செய்யலாம்.

பலதுறை மருந்தகங்களிடமும் சுகாதார மேம்பாட்டு வாரியத்திடமும்: வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று தமிழில் ஒரு பக்கம் வேண்டும். நான் பார்த்த செயலி ஒன்றில் சாப்பிட்டதைப் பதியப் போனால் பாஸ்தா இருக்கிறது, பர்கர் இருக்கிறது, அடை இல்லை, இடியாப்பம் இல்லை, கொழுக்கட்டை இல்லை. பான வகைகளுக்குச் சர்க்கரை, கொழுப்பு அளவைத் தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை 2022 டிசம்பரில் வந்ததும், அடுத்த ஆண்டு கோப்பிக்கடைக் கலக்கல் வரைக்கும் அது நீண்டதும் எவ்வளவு நல்ல காரியம்! சர்க்கரை போடாத 'கோசோங்' கேட்பவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள், கடைக்காரரும் ஒரு மாதிரிப் பார்ப்பதில்லை. சோற்றுத் தட்டுக்கு முத்திரை ஒட்ட முடியாது, அதற்காகத்தான் விளக்கம் வேண்டும் என்கிறேன். வயதானவர்களுக்குச் சமூக மன்றத்தில் தமிழ் தெரிந்த தாதி ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினால் பத்துத் துண்டுப் பிரசுரத்துக்குச் சமம்.

சென்சார் போட்டுக்கொள்ளும் பெண்களுக்கு ஒரு குறிப்பும் சேர்த்துவிடுகிறேன், இதை எந்தப் பிரசுரத்திலும் நான் பார்க்கவில்லை. ரவிக்கைக் கை இறுக்கமாக இருந்தால் கழற்றும்போது வில்லையும் சேர்ந்து பெயர்ந்து வந்துவிடும், நூறு வெள்ளி போச்சு. ஒட்டும் இடத்தை ரவிக்கை விளிம்புக்குப் படாமல் தேர்ந்தெடுங்கள். எண்ணெய்க் குளியல் அன்று அந்தப் பக்கம் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பசை விட்டுவிடும். நம் ஊர் வியர்வைக்கு மேலே ஒரு ஒட்டுப்பட்டை போடுவது நல்லது, மருந்துக்கடையில் கிடைக்கும். எம்ஆர்ஐ எடுக்கப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள், அந்தத் தேதிக்கு ஏற்றபடி புதியதை ஒட்டிக்கொண்டால் வீணாகாது.

கடைசியாக உங்கள் பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். இங்கே நாம் தினமும் சாப்பிடும் பதார்த்தங்களை, இட்லி, தோசை, பராட்டா, மீ கோரிங், பிரியாணி, கோயில் சர்க்கரைப் பொங்கல் வரைக்கும், ஓர் அட்டவணையாகப் போடுங்கள். எதில் எவ்வளவு மாவுச்சத்து, எதோடு சேர்த்துச் சாப்பிட்டால் மெதுவாக ஏறும், எதற்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் பார்க்க வேண்டும் என்று ஓர் உணவியல் நிபுணரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள், என் சின்னம்மாவுக்குக் கண்ணும் கொஞ்சம் மங்கல்.

இப்படிக்கு,
வாசகி,
செங்காங்